மீசைத் துரை கட்டிய பள்ளிக்கூடம்

எங்கள் வீட்டு வரிசையிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் பெண் நான். போனேன் என்பதைவிட என்னை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் சரி. பெங்களூர் தண்டுப் பகுதியில், அதாவது கண்டோன்மெண்டில், இருந்த அந்த அரசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் யாரும் சும்மா போய்ச் சேர்ந்துவிட முடியாது. கணக்கிலும் இங்கிலீஷிலும் பரீட்சை வைத்து வடிகட்டுவார்கள். மிஞ்சியவர்களைத் தலைமையாசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டு நேரிலும் ஒருமுறை வடிகட்டுவார். அவரைப் பெரிய மேடம் என்போம். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். கஞ்சி போட்ட அவருடைய புடவையின் மொடமொடப்பு அவருக்கு முன்னாலேயே வகுப்புக்குள் வந்துவிடும்.

என் முறை வந்தபோது அவர் தலை நிமிராமலே இங்கிலீஷில் கேட்டார். "அந்த ஜன்னல் வழியாக உனக்கு என்னவெல்லாம் தெரிகிறது? சொல்."

திரும்பிப் பார்த்தேன். நன்றாக உற்றும் பார்த்தேன். "ஜன்னல் மூடியிருக்கிறது மேடம்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

பெரிய மேடம் எழுந்து போய்ப் பார்த்தார். காலையில் தூறல் விழுந்ததும் ப்யூன் சாத்தியிருக்கிறார். எனக்கு முன்னால் போன பெண்கள் எல்லாரும் அந்த மூடிய ஜன்னல் வழியாக மரங்களையும் கிளிகளையும் பார்த்திருந்தார்கள். ஒருத்தி யானையே பார்த்திருந்தாள். மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு இடம் கிடைத்தது.

அன்றிலிருந்து நாங்கள் குடியிருந்த ஆஸ்டின் டவுனில் எனக்கு ஒரு பதவி வந்து சேர்ந்தது. இங்கிலீஷில் எது இருந்தாலும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். இருமல் மருந்து பாட்டில், பிஸ்கட் டின், வெள்ளைக்காரப் பட்டாளம் போகும்போது விட்டுப்போன பெட்டியின் மூடி, எதுவும் பாக்கியில்லை. இத்தனைக்கும் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர் என் அப்பாதான். ஆபீசர்கள் மெஸ்ஸில் பட்லராக இருந்தார். ஆனால் அவர் பேசியது காதால் வந்த இங்கிலீஷ். எழுத்தாகப் பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரியாது.

பள்ளிக்கூடத்துக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நீளமாக, ஓட்டுக் கூரையோடு, அறை அறையாகத் தடுத்திருக்கும். எல்லாக் கதவுகளும் குறுக்கே இரண்டாக அறுத்த கதவுகள். மேல்பாதியைத் தனியாகத் திறக்கலாம், கீழ்பாதியைத் தனியாகத் திறக்கலாம். தாமதமாக வருகிற பெண் கீழ்பாதிக்கு மேலே தலையை மட்டும் நீட்டி "மே ஐ கமின் மிஸ்?" என்பாள். சுவரில் இடுப்பு உயரத்துக்கு வரிசையாக இரும்பு வளையங்கள் பதித்திருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் வீட்டுப் பாடம் செய்யாத பெண்களை அதில்தான் கட்டிப்போடுவார்கள் என்று மூத்த வகுப்புப் பெண்கள் எங்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னோம். எல்லாவற்றையும்விட மோசம் தரை. இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சரிந்திருக்கும். நடுவில் ஒரு சாக்கடைக் கால்வாய். பென்சிலைக் கீழே விட்டால் உருண்டுபோய்க் கால்வாயில் விழும். மழைக்காலத்தில் அது அடுத்த வகுப்பில் போய்க் கரையேறும்.

புதுக் கட்டடம் கேட்டுப் பெரிய மேடம் கல்வி இலாகாவுக்கு எழுதாத வருஷமில்லை. இலாகாவும் பதில் போடாமல் இருந்ததில்லை. ஒரு புண்ணியவான் பள்ளிக்கூடத்துக்கென்றே பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொடுத்த கட்டடம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பார்கள்.

அந்தப் புண்ணியவான் ஹாலில் மேடைக்குப் பின்னால் ஆளுயரப் படமாக நின்றார். வெள்ளைக்காரர். கன்னம் தாண்டிப் போகிற மீசை. சிவந்த மூக்கு. ஒரு கையைப் பெரிய பழுப்பு நிறத் தோல் நாற்காலியின் முதுகில் வைத்திருப்பார். படம் புகையேறிக் கறுத்துப்போயிருந்ததால் முகமும் கையும்தான் சரியாகத் தெரியும். பள்ளிக்கூடம் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தபோதே அவர் சுவரில் இருந்தாராம். கீழே பேர் இல்லை. சுவரில் இத்தனை பெரிதாக இருக்கிறார், அப்படியென்றால் இவர்தான் ஸ்தாபகர் என்று யாரோ சொல்ல, அதுவே நின்றுவிட்டது. ஆண்டு விழா அன்று அவருக்கு ரோஜா மாலை போடுவார்கள். நாங்கள் அவரை மீசைத் துரை என்போம். பரீட்சைக்கு முன்னால் தலையிலிருந்து ஒரு பூவை எடுத்துச் சட்டத்தில் செருகிவிட்டுப் போனால் கணக்கு சரியாக வரும் என்று ஒரு நம்பிக்கை. சில நாள் அவர் காதோரமெல்லாம் கனகாம்பரமாக இருப்பார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது பெரிய மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வருஷ ஆண்டு விழாவுக்கு இலாகாவின் பெரிய அதிகாரி வருகிறார். வெறும் கோலாட்டம் போதாது, பள்ளியின் சரித்திரத்தை நாடகமாகப் போடவேண்டும். ஹிஸ்டரி மிஸ்ஸிடம் பொறுப்பை ஒப்படைத்தார். மிஸ் பிரேசர் டவுன் தமிழ்க் கிறிஸ்தவர். பானிப்பட்டுச் சண்டையை நடத்தினால் யானையாகவும் அவரே பிளிறுவார்.

"சரித்திரம் எங்கே இருக்கு மேடம்? ஒரு காகிதம்கூட இல்லையே?" என்றார் மிஸ்.

"காகிதம் பேடா, வேண்டாம். நீங்க யோசனை பண்ணி எழுதுங்க" என்றார் மேடம்.

மிஸ் ஒரே வாரத்தில் யோசனை பண்ணிவிட்டார். மீசைத் துரை கப்பலில் வந்து இறங்குகிறார். பெங்களூரில் ஒரு மழை நாளில் ஆலமரத்தடியில் ஒரு ஏழைச் சிறுமி அழுதுகொண்டிருக்கிறாள். ஏனம்மா அழுகிறாய் என்று கேட்கிறார். எனக்குப் படிக்க ஆசை, பள்ளிக்கூடம் இல்லை என்கிறாள். துரையும் அழுகிறார். தங்கக் கடிகாரத்தை விற்றுப் பள்ளிக்கூடம் கட்டுகிறார். கோபத்தில் அவர் மனைவி துரைசானி கப்பலேறிப் போய்விடுகிறாள். கடைசியில் அவர் தன் மாணவிகளின் மடியில் உயிரை விடுகிறார். அந்த நேரம் பின்னால் தொங்குகிற படுதா விழும், உண்மையான படம் தெரியும், எல்லாரும் எழுந்து நின்று பாடுவார்கள். நாடகத்தின் பேருக்குக் கீழே 'உண்மைச் சரித்திரம்' என்று மிஸ் தன் கையாலேயே எழுதிப் போட்டார்.

உயரமாக இருந்ததால் நான் துரை. என் உயிர்த்தோழி ஏழைச் சிறுமி. அவள் கோலார் தங்கவயல் பெண். அப்பா சுரங்கத்தில் வேலை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததற்காகவே ஆஸ்டின் டவுனில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். நினைத்த மாத்திரத்தில் அவளுக்குக் கண்ணீர் வரும். எப்படிடீ என்று கேட்டால், "பெரியம்மா கிண்டற களியை நெனச்சுப்பேன், வந்துரும்" என்பாள்.

துரையாக நடக்க அப்பா எனக்குப் பயிற்சி கொடுத்தார். வீட்டுக்கு முன்னால் தெருவே வேடிக்கை பார்க்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வந்தேன். மெஸ்ஸிலிருந்து ஒரு பழைய கோட்டும் கேட்டு வாங்கிவந்தார். எல்லாம் அவருக்குத் திருப்தி. நான் அழுது காட்டியதும் மட்டும் முகம் சுளித்தார்.

"துரைங்க அழமாட்டாங்கம்மா."

"ரொம்ப சோகம்ப்பா. மிஸ் அழச் சொல்லியிருக்காங்க."

"இன்னா சோகமா இருந்தாலும் சரி. எத்தனை துரைங்களைப் பாத்திருக்கேன் நானு. மூக்கைச் சிந்துவாங்க. அப்பறம் 'கிளைமேட் சரியில்லே'ம்பாங்க. அவ்வளவுதான்."

இதைப் போய் மிஸ்ஸிடம் சொன்னேன். "உங்க அப்பா பாத்தது மெஸ்ல சாப்பிடற துரை. இவர் ஸ்தாபகர். அழுவார்" என்று முடித்துவிட்டார்.

மீசைதான் பாக்கி. பஞ்சில் செய்தோம், தாத்தா போலிருந்தது. கரியில் வரைந்தோம், திருடன் போலிருந்தது. கடைசியில் நானும் தோழியும் ஜட்கா ஸ்டாண்டுக்குப் போனோம். எங்களுக்குத் தெரிந்த ஜட்காக்கார பாய் ஒருவர் அங்கே குதிரைக்குப் புல் வைத்துக்கொண்டிருந்தார். குதிரை வாலிலிருந்து கொஞ்சம் முடி வேண்டும் என்றேன்.

"காய்கு?"

"மீசைக்கு பாய்."

"யாருக்கு மீசை?"

"எனக்குத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரே அல்லா! இஸ்கூல்ல இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்துக் கறுகறுவென்று ஒரு கற்றை நறுக்கிக் கொடுத்தார். தோழியின் பெரியம்மா மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தார். மீசை படத்தில் இருப்பது போலவே அமைந்தது. ஒரே குறை, மூச்சை உள்ளே இழுத்தால் அதில் பாதி மூக்குக்குள் வந்தது. ஒத்திகை முழுக்கத் தும்மினேன். "விழா அன்னிக்குத் தும்மாதே" என்று மிஸ் உத்தரவு போட்டார். உத்தரவு போட்டால் தும்மல் நிற்கும் என்று நானும் நம்பினேன்.

விழாவுக்கு வெள்ளைக்காரர் ஒருவரும் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் பெரிய மேடம். மிஸ்ஸின் சர்ச்சுக்கு வருகிற ஒரு வயதான துரைசானி இருந்தார். பெங்களூரிலேயே பிறந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிரேசர் டவுனில் ஒரு பெரிய வீட்டில் கோழிகளோடு தனியாக வசித்தார். மிஸ் போய்க் கூப்பிட்டதும், "அந்த பில்டிங்கா? நான் வரேன், கட்டாயம் வரேன்" என்று ஆசையாகச் சொன்னாராம். ஏன் அத்தனை ஆசை என்று மிஸ் கேட்கவில்லை.

துரைசானி தமிழை ஆயாவிடம் கற்றவர். ஆயா அவருக்கு மரியாதைப் பன்மையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வந்து இறங்கியதும் பெரிய மேடத்தின் கையைக் குலுக்கி, "நீதான் இங்கே பெரிய ஆளா? நல்லா இருக்கியா?" என்றார். சரிகைத் தலைப்பாகையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இலாகா அதிகாரியிடம், "நீ தள்ளி உக்காரு, எனக்கு இடம் இல்லே" என்றார். அதிகாரி தள்ளி உட்கார்ந்தார்.

நாடகம் தொடங்கியது. கப்பலிலிருந்து இறங்கினேன். கைதட்டல். வாசல் ஓரமாக நின்றிருந்த அப்பா, நெஞ்சை நிமிர்த்து என்று ஜாடை காட்டினார். ஆலமரக் காட்சி வந்தது. என் தோழி களியை நினைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எத்தனை உருக்கமாக அழுதாளென்றால், முன்வரிசைத் தாய்மார்கள் முந்தானையை எடுத்துவிட்டார்கள்.

"குழந்தாய், ஏன் அழுகிறாய்?" என்று கேட்டு, அடுத்த வசனத்துக்காக மூச்சை இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. குதிரை வால் மூக்குக்குள் புகுந்தது. அடக்கிப் பார்த்தேன். கண் கலங்கியது. "ஆஹா, துரைக்கும் அழுகை வருகிறது பார்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அடுத்த நொடி நான் தும்மிய தும்மலில் மீசை பறந்து ஏழைச் சிறுமியின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அது என்னவோ ஏதோவென்று அவள் அலறினாள். நான் பின்னால் தடுமாறிப் படுதாவைப் பிடித்தேன். ஆலமரம், மழை, வானம் எல்லாம் என் தலைமேல் விழுந்தன.

நான் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தேன். படுதா விழுந்ததால் மீசைத் துரையின் படம் எல்லாருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் துரைசானி எழுந்து நின்று, படத்தை நோக்கிக் குடையை நீட்டினார்.

"ஏய்! அது எங்க அப்பா!"

பெரிய மேடத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்திருக்க வேண்டும். ஸ்தாபகரின் சொந்த மகள்! அதிகாரிக்காக வைத்திருந்த மாலையை எடுத்துத் துரைசானியின் கழுத்தில் போட்டு, கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டார். "உங்கள் தந்தை இந்தப் பள்ளியைக் கட்டிய கதையை நீங்களே சொல்லவேண்டும்" என்றார்.

"ஸ்கூலா?" என்றார் துரைசானி. "எங்க அப்பா இன்னாத்துக்கு ஸ்கூல் கட்டுது? எங்க அப்பா குதிரை டாக்டர். இது பட்டாளத்துக் குதிரை ஆஸ்பத்திரி."

ஹாலில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. துரைசானிக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேடையிலிருந்தே குடையால் ஒவ்வொரு அறையாகக் காட்டினார். "அங்கே வயிறு உப்புன குதிரை. அந்தப் பக்கம் நொண்டிக் குதிரை. சுவத்துல வளையம் இருக்கா? அதுல கட்டணும். நடுவுல கால்வாய் இருக்கா? அதுல எல்லாம் ஓடிப்போவும். நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது இங்கேதான் விளையாடுறது." பிறகு பெரிய மேடத்தின் அறையைக் காட்டினார். "அந்த ரூம்ல கடிக்கிற குதிரை. தனியா வெக்கணும். யாரும் கிட்டே போகக் கூடாது."

பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சிரித்தார்கள். டீச்சர்கள் சிரிக்காமலிருக்கப் பட்ட பாட்டைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஹிஸ்டரி மிஸ் மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நான் எழுதினது நாடகம்தானே... நாடகம்தானே..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் சிவந்தார், வெளுத்தார். பிறகு அந்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. மூடிய ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாரே, அதற்கு முந்தின கணத்தில் வந்த அதே வெளிச்சம். புடவையை உதறி நேராக்கிக்கொண்டு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"கேளிஸ்கொண்டிரா சார்?" என்றார் கன்னடத்தில். பிறகு எல்லாருக்கும் புரியவேண்டும் என்று இங்கிலீஷுக்குத் தாவினார். "கேட்டீர்களா? பள்ளிக்கூடத்துக்கென்றே கட்டிய கட்டடம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்த பெண்களை நாங்கள் குதிரை கட்டுகிற இடத்தில் வைத்துப் படிப்பிக்கிறோம். இதோ சாட்சி. டாக்டரின் மகள்."

அதிகாரி தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டார். பின்னால் பெற்றோர் அத்தனை பேரும் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைசானி வேறு மேடையிலிருந்து, "ஏய், அது கேக்குதில்லே? பதில் சொல்லு" என்றார்.

அதிகாரி எழுந்து, புதுக் கட்டடத்துக்குத் தானே சிபாரிசு செய்வதாக அந்த இடத்திலேயே சொன்னார். கைதட்டலில் ஓடுகள் அதிர்ந்தன.

அதோடு விழா முடிந்தது என்று நினைத்து நான் கோட்டைக் கழற்றினேன். துரைசானி விடவில்லை. "நீதானே எங்க அப்பா? கோட்டுப் போடு. மிச்சத்தையும் ஆடு. கடைசியில எங்க அப்பாவுக்கு இன்னா ஆவுதுன்னு நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

மீசையில்லாமல், ஆலமரமில்லாமல் மிச்சத்தை ஆடினோம். கடிகாரத்தை விற்றேன். நாடகத் துரைசானி கப்பலேறிப் போனாள். உண்மைத் துரைசானி தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் தோழியின் மடியில் தலை வைத்து உயிரை விட்டபோது சிரிப்புச் சத்தம் நின்றது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் அப்பாவைப் பார்த்தேன். பார்த்தாயா என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார்.

விழா முடிந்ததும் துரைசானி என் கன்னத்தைக் கிள்ளினார். "எங்க அப்பா குதிரைக்குத்தான் அழும். பொண்ணுக்கு அழுதது இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார். "கிளைமேட் சரியில்லை மேடம்" என்றேன். அவருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை துரைசானி வெட்டின உருளைக்கிழங்கு ஒரு கூடை நிறைய எடுத்துக்கொண்டு வந்து, ஏணி போட்டு ஏறி, அப்பாவின் படத்தை அந்தத் துண்டுகளாலேயே அழுக்குப் போகத் தானே தேய்த்துத் துடைத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். பழுப்பு நாற்காலிக்கு முதலில் ஒரு வால் வந்தது. பிறகு பின்னங்கால்கள் வந்தன. இத்தனை வருஷமும் நாங்கள் பூ வைத்துக் கும்பிட்டது ஒரு குதிரையின் பின்பக்கத்தையும் சேர்த்துத்தான்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. பக்கத்துத் தெருப் பையன்கள் எங்களைப் பார்த்துக் கனைத்தார்கள். என் தோழி ஒருநாள் நின்று, அவர்களைவிட அருமையாகத் திருப்பிக் கனைத்தாள். அதற்குப் பிறகு அவர்களுக்கு அதில் சுவாரஸ்யம் போய்விட்டது. ஹிஸ்டரி மிஸ் சில நாள் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் துரைசானி வீட்டுக்குப் போய் உண்மைச் சரித்திரத்தைக் கேட்டு எழுதிவந்தார். காலைக் கூட்டத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தார்கள். குதிரைக்கு வயிறு உப்பினால் என்ன செய்யவேண்டும், குளம்பு வெடித்தால் எதைத் தடவவேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு மைசூர் ராஜ்யத்தில் வேறு எந்தப் பள்ளி மாணவிக்கும் தெரிந்திருக்காது. நல்லவேளை, எஸ்.எஸ்.எல்.சி.யில் அதைக் கேட்கவில்லை.

நாங்கள் பள்ளியை விடுகிற வருஷம் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். அதே வருஷம் துரைசானி வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவில் இருந்த தங்கை மகனிடம் போவதென்று முடிவு செய்தார். படத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று பெரிய மேடம் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். "அங்கே சின்ன வீடு. குதிரையை எங்கே வெக்கிறது?" என்று சொல்லிவிட்டார்.

நானும் தோழியும் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். ஹிஸ்டரி மிஸ்ஸும் வந்திருந்தார். துரைசானி கூலிக்காரரை, "ஏய், பாத்துத் தூக்கு, உள்ளே எங்க அம்மா பீங்கான் இருக்குது" என்று அதட்டி, மெட்ராஸ் வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். மிஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். வண்டி அசைந்ததும் அவர் தலையை வெளியே நீட்டி எங்கள் இருவரையும் பார்த்து உரக்கக் கத்தினார்.

"நல்லா படி! குதிரைக்குப் பின்னாடி போய் நிக்காதே!"

பிளாட்பாரத்தில் நின்றிருந்த நாலைந்து பேர் சட்டென்று நகர்ந்து, திரும்பிப் பார்த்தார்கள்.